பதினொரு வீடு

நூறு பெயர் எழுதச் சொன்னவள் நீலவேணி. உலகத்தில் எந்த மனுசிக்கும் நூறு பேரையாவது தெரிந்திருக்கும் என்பது அவளுடைய கணக்கு. "பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணையும் எழுதுங்க லா, யாரையும் விடாதீங்க" என்றாள். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, வால்தம்ஸ்டோவில் வீடும் வாங்கி, ஓபிசில் பெரிய வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தொழிலாக முப்பது பெண்களை மேய்ப்பவளுக்கு நூறு பெயர் ஒரு பொருட்டில்லை. லோஜினி ஃபாரஸ்ட் கேட்டில் தன் சமையலறை மேசையில் கொப்பியை விரித்து வைத்து மூன்று நாள் இருந்தாள். நாற்பத்தொன்றில் பேனை நின்றது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று பல் டாக்டரிடம் இருக்கும் பெண்தான். அவளுடைய பெயர் தெரியாததால் 'பல்லுப் பிள்ளை' என்று எழுதினாள்.

தொழில் இதுதான். மூடி இறுகும் பிளாஸ்டிக் பொக்ஸ்களைக் கடையில் வைத்து விற்பதில்லை. ஒருத்தி தன் வீட்டைத் தரவேண்டும், தன் சினேகிதிகளைக் கூப்பிட வேண்டும். லோஜினி போய் எல்லாவற்றையும் பரப்பிக் காட்டுவாள். வந்தவர்கள் ஓடர் கொடுப்பார்கள், வீட்டுக்காரிக்கு ஒரு பரிசு. வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டைத் தரச் சம்மதிப்பார்கள், அந்த இரண்டிலிருந்து நாலு, நாலிலிருந்து எட்டு. கொம்பனிப் புத்தகத்தில் இதற்கு ஒரு மரம் கீறியிருந்தார்கள். லோஜினியின் மரம் இரண்டு வருடமாக நட்ட உயரத்திலேயே நின்றது.

நம்முடைய சனம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாது. 'பாப்பம்' என்று சொல்லும். அந்தப் 'பாப்பம்' எங்கே போய் முடியும் என்பது சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். கிச்சின் உடைத்துக் கட்டுகிறோம் என்ற ஒருத்தியின் கிச்சின் வருடக்கணக்கில் உடைபட்டுக்கொண்டே இருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் வாணி, "மாமி வந்து நிக்கிறா அக்கா, மாமி போகட்டும்" என்றாள். மாமி போகவில்லை, மாமிக்கு விசா நீட்டிக் கிடைத்துவிட்டது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்களே, கோயில் வாசலில் லோஜினியின் சக்கரப் பை கடகடக்கும்போதே பெண்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிறந்தநாள் விழாக்களில் 'பொக்ஸ் லோஜினி' வருகிறாளா என்று முதலே விசாரிப்பவர்களும் உண்டு. இது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் அடுத்த பெயருக்குப் போன் எடுப்பாள்.

விட்டுவிட்டால் என்ன என்று புருசன் தவராசா கேட்காத கிழமை இல்லை. அவன் விடிய முன்னம் பார்சல் வானை எடுத்துக்கொண்டு போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். மகள் லக்‌ஷிகா லீட்ஸில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அம்மா, யூ ஓகே?" என்பாள். லோஜினி பார்த்துவந்த சலாட் கட்டும் ஃபக்டரி வேலையை முழங்கால் வலி தின்றுவிட்டது. மிச்சமிருந்தது அந்தச் சக்கரப் பை ஒன்றுதான். ஒரு வீட்டு வாசலில் யாராவது கதவைத் திறந்து 'வாங்கோ லோஜினி' என்று சொல்லவேண்டும், உள்ளே பத்துப் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடர் பிறகுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் கொம்பனிக்கு ஒரு சட்டம் இருந்தது. மூன்று மாதத்தில் நாலு வீடு பிடிக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். காட்டுவதற்குக் கொடுத்த பொக்ஸ்களையும் திருப்பிக் கேட்பார்கள். இந்த முறை லோஜினி மூன்று வீடு ஒப்பேற்றியிருந்தாள். ஒன்று அவளுடைய சொந்த வீடு. அடுத்தது மச்சாளின் வீடு, அங்கே மச்சாளைத் தவிர ஒரு குருவியும் வரவில்லை. மூன்றாவதை நீலவேணி இரக்கப்பட்டுத் தன் சினேகிதியிடம் வாங்கிக் கொடுத்தாள். இன்னும் ஒரு வீடு வேண்டும், மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

கடைசியில் ஸ்ட்ரெதத்துக்குப் போன் எடுத்தாள். சிவனேஸ்வரி அக்காவிடம் கேட்பதில்லை என்று இரண்டு வருடம் வைராக்கியமாக இருந்தவள். லோஜினி கலியாணம் கட்டி டென்மார்க்கில் போய் இறங்கியபோது, சிவனேஸ்வரியும் புருசன் கிருஷ்ணராசாவும்தான் ஸ்டேஷனுக்கு வந்து, தோளில் ஒரு தடித்த ஜக்கெற்றைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனவர்கள். முதலில் அவர்கள் லண்டனுக்கு மாறினார்கள், அவர்கள் சொல்லித்தான் தவராசாவும் மாறினான். இந்த ஊரில் பையில்லாமலும் போகக்கூடிய ஒரே வாசல் அது. அதையும் கடையாக்க மனம் வராமல்தான் இத்தனை நாளும் கேட்காமல் இருந்தாள்.

"எனக்கு உந்தப் பொக்ஸ் ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்றாள் சிவனேஸ்வரி. "வீடுதானே கேக்கிறாய். சனிக்கிழமை மூண்டு மணிக்கு வா. நான் பன்னிரண்டு பேருக்குச் சொல்லுறன், வராட்டி கிருஷ்ணராசாவைக் கொண்டு பிடிச்சு இழுப்பிக்கிறன்."

பின்னால் கிருஷ்ணராசா ஏதோ பகிடி விட்டுச் சிரிப்பது கேட்டது. லோஜினியும் சிரித்தாள். போனை வைத்த பிறகு எழும்பி, கொப்பியில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தவராசா பார்சல் வானில் இருந்தபடி போன் எடுத்தான். கிருஷ்ணராசா அண்ணை காலமை குளித்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தவராம், அப்படியே சரிந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வர முதலே முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது.

லோஜினியின் மனதில் முதலில் வந்தது சனிக்கிழமை. கிருஷ்ணராசா அண்ணையின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்வெட்டு நேரம்தான் இருந்திருக்கும். ஆனாலும் முதலில் வந்தது சனிக்கிழமைதான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கதிரையில் இருந்து, 'நான் என்ன பிறவி' என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

அழுது முடித்து அடுப்பைப் பற்றவைத்தாள். செத்தவீட்டில் உலை வைக்க மாட்டார்கள், தெரிந்தவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லண்டனில் பிரேதத்தை எரிக்க நாள் கிடைக்கவே எட்டுப் பத்து நாளாகும், அதுவரையும் பின்னேரம் பின்னேரம் சனம் வந்து போகும். புட்டு அவித்தாள், இடியப்பம் பிழிந்தாள், கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் சம்பலும் செய்தாள், பெரிய சட்டியில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். முழங்கால் விண்விண்ணென்று இடித்தது. இடிக்கட்டும் என்று நின்றாள். கேட்க ஒன்றுமில்லாமல் ஒரு வீட்டுக்குப் போகப் போகிறாள், அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கொண்டுபோகப் பாத்திரம் பார்த்தபோது, பெரிசாகவும் ரயிலில் சிந்தாததாகவும் வீட்டில் இருந்தவை காட்டுவதற்கு வைத்திருந்த எட்டுப் பொக்ஸ்கள்தான். தவராசாவின் வான் வேலையில் நின்றது. எட்டையும் நிரப்பிச் சக்கரப் பையில் அடுக்கினாள். ஃபாரிங்டனில் ரயில் மாறி ஸ்ட்ரெதத்தில் இறங்கும்வரை ஒரு துளி சிந்தவில்லை. கொம்பனியைப் பற்றி என்ன சொன்னாலும் மூடியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.

சிவனேஸ்வரி சோபாவில் இருந்தாள். லோஜினியைக் கண்டதும் கையை நீட்டினாள், லோஜினி பக்கத்தில் இருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அறை முழுக்கப் பெண்கள். சோபாவில், சாப்பாட்டு மேசைக் கதிரைகளில், கீழே விரித்த துணியில், மாடிப்படிகளில்கூட இருந்தார்கள். நாற்பது பேர் தேறும். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். தன்னை நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழும்பி, சாப்பாட்டை எடுத்து வைக்கக் குசினிக்குப் போனாள்.

எட்டுப் பொக்ஸையும் மேடையில் வரிசையாக வைத்தாள். அங்கே ஐந்தாறு பெண்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி ஷெறோன், கிருஷ்ணராசாவின் மருமகள் முறை, சின்னப்பெடிச்சி. அவள் சூதுவாது தெரியாமல், "அன்ரி, இவ்வளவு தூரம் ட்ரெயினிலை கொண்டுவந்து சொதி சிந்தேல்லையே?" என்று கேட்டாள்.

சிந்தவில்லை என்று சொல்லி விட்டிருக்கலாம். கை பழகிய கை. லோஜினி சொதிப் பொக்ஸைத் தூக்கி, மூடியின் நடுவில் பெருவிரலால் ஒரு அமத்து அமத்தி, அப்படியே தலைகீழாகப் பிடித்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் பிடித்துக் காட்டிய அதே பிடி. "பாருங்கோ, ஒரு சொட்டு இல்லை. இந்த மூடியிலை ரண்டு விளிம்பு இருக்கு. சூட்டோடையும் ஊத்தலாம், ஃபிரீசரிலையும் வைக்கலாம்" என்று வாய் தன்பாட்டில் ஓடியது. பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி நன்றாகப் பார்க்கக் கிட்டவும் வந்தாள். எத்தனையோ வீடுகளில் கிடைக்காத கவனம் அங்கே கிடைத்தது, லோஜினியின் குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

கிட்ட வந்தவள் பாலாம்பிகை, அந்தப் பகுதியில் எல்லாருக்கும் மூத்தவள். அவள் பார்த்தது விளிம்பை அல்ல, மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை. பொக்ஸ் எந்த வீட்டில் கிடந்தாலும் ஆளைத் தேடி வரவேண்டும் என்று நீலவேணி அடிப்பித்துக் கொடுத்த ஸ்டிக்கர் அது. லோஜினி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படம், கீழே போன் நம்பர், மேலே 'உங்கள் வீட்டிலும் ஒரு பார்ட்டி வையுங்கள்'. எட்டு மூடியிலும் எட்டு லோஜினி சிரித்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்த்துப் பார்த்து அது அவள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டிருந்தது.

"எரியிற வீட்டிலை பிடுங்கினது லாபம்" என்று பாலாம்பிகை சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

லோஜினி திரும்பினாள். கதவடியில் சிவனேஸ்வரி நின்றாள். குளிசை போடத் தண்ணீர் எடுக்க வந்தவள், கையில் வெறும் கிளாஸ். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. தலைகீழாகப் பிடித்த பொக்ஸைப் பார்த்தாள், பிறகு மேடையில் இருந்த வரிசையைப் பார்த்தாள்.

"இண்டைக்குமோ, லோஜினி?" என்றாள்.

டென்மார்க் காலம் தொட்டு அவள் லோஜினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு, பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள்.

"இல்லை அக்கா. சத்தியமா இல்லை. வேறை பாத்திரம் இருக்கேல்லை. மறந்துபோனன்" என்று லோஜினி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லும்போதே சனிக்கிழமை ஞாபகம் வந்து நாக்கு இடறியது. ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தாள். எத்தனை தரம் கழுவினாலும் போகாத ஸ்டிக்கர் என்று நீலவேணி பெருமைப்பட்டது வீண்போகவில்லை, படத்தில் சிரித்த லோஜினியின் நெற்றியில் ஒரு துண்டு கிழிந்ததோடு சரி. சிவனேஸ்வரி குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் லோஜினி காலில் விழுந்திருப்பாள்.

அதன் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. எரித்த அன்று லோஜினியும் தவராசாவும் போய் மண்டபத்தில் பின்வரிசையில் நின்றார்கள். எட்டுச் செலவுச் சடங்கு எப்போது என்று கேட்க அவள் போன் எடுத்தபோது அக்காவின் மகன் நிரூபன் எடுத்து, அம்மா படுத்திருக்கிறா அன்ரி என்றான். மறுபடி எடுத்தபோதும் அம்மா படுத்திருந்தாள். செத்தவீடு என்றதும் நீலவேணி மட்டும் மனமிரங்கி, கொம்பனியோடு பேசி ஒரு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தாள். "ஒரே ஒரு வீடு லா, எப்படியாச்சும் புடிங்க" என்று வொய்ஸ் மெசேஜ் போட்டாள்.

இனி முப்பத்தொன்று. சாவுத் துடக்குக் கழித்து, வந்து துணைநின்ற எல்லோரையும் அழைத்துச் சாப்பாடு கொடுக்கும் நாள். சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு வீட்டுக்காரர் தாங்களே போன் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. லண்டனில் முப்பத்தோராம் நாளும் லீவு பார்த்துத்தான் வரும், அதனால் சனிக்கிழமை என்று ஊர் பேசிக்கொண்டது. லோஜினி போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனாள். தன் பிழையைப் பிழை என்று அக்காவுக்கு முகத்துக்கு நேரே சொல்ல அந்த ஒரு சந்தர்ப்பம்தான் இருந்தது. கூப்பிட்டால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம், கூப்பிடாவிட்டால் அதற்கும் ஒரே ஒரு அர்த்தம்தான். அதை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

புதன்கிழமை வாசல் மணி அடித்தது. நிரூபன் வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தான். எஞ்சினை ஓடவிட்டபடியே காரை றோட்டில் நிறுத்தியிருந்தான்.

"அன்ரி, உங்கட பொக்ஸ். அம்மா தந்துவிட்டவ."

"உள்ளுக்கு வா தம்பி, ஒரு தேத்தண்ணி..."

"லேட் அன்ரி, சொறி" என்றான். போய்விட்டான்.

எட்டுப் பொக்ஸும் பளிச்சென்று இருந்தன. ஸ்டிக்கர் எதுவும் இல்லை. எண்ணெய் பூசி ஊறவிட்டு, கத்தி படாமல், எவ்வளவு நேரம் நின்று தேய்த்தாளோ, பசையின் பிசுபிசுப்புக்கூட மிச்சமில்லை. மேலே இருந்த பொக்ஸைத் திறந்தாள். உள்ளே ஒரு கோடிட்ட தாள், சிவனேஸ்வரியின் வட்டவட்டமான எழுத்து.

பதினொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே இடமும் போன் நம்பரும். ஸ்ட்ரெதம், மிச்சம், டூட்டிங், குரொய்டன். மேலே ஒரே ஒரு வரி: 'வீடு தரச் சம்மதித்தவர்கள்'. பிள்ளைக்கு என்றோ அக்கா என்றோ ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமை. மற்ற ஏழு பொக்ஸையும் திறந்து பார்த்தாள். பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தாள். சிவனேஸ்வரியின் பெயர் அதில் இல்லை.

இரண்டு வருடம் அலைந்து கிடைக்காதது ஒரு தாளில் வந்து சேர்ந்திருந்தது. புருசனைப் பறிகொடுத்தவள் துடக்கு வீட்டுக்குள் இருந்துகொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் ஒவ்வொருத்தியாக இவளுக்காக வீடு கேட்டிருக்கிறாள். கேட்டு வாங்கித் தந்துவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். லோஜினி அக்காவின் நம்பருக்கு எடுத்தாள். நாலு தரம் மணி அடித்து நின்றது. இன்னொரு தரம் எடுத்தாள், அது அடிக்கவே இல்லை.

பட்டியலில் முதல் பெயர் பாலாம்பிகை. எடுக்காமல் விடலாமா என்று ஒரு மணித்தியாலம் யோசித்துவிட்டு எடுத்தாள்.

"ஓம், சிவனேஸ் கேட்டவ" என்றாள் பாலாம்பிகை. குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. "அந்தப் பிள்ளைக்கு ஆரும் இல்லை, ஒருக்கா வீட்டைக் குடுங்கோ எண்டு கேட்டவ. இந்த நேரத்திலை அவ கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லேலுமே. எப்ப வைக்கிறது எண்டு நேரிலை பேசுவம். சனிக்கிழமை முப்பத்தொண்டுக்கு வருவியள்தானே?"

லோஜினி மேசையில் இருந்த பொக்ஸின் விளிம்பை விரலால் தடவினாள்.

"ஓம் அக்கா, வாறன்" என்றாள்.

சனிக்கிழமை காலமை தலைமுழுகி, கரைபோட்ட வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் இருந்தாள். தவராசா வெளிக்கிட்டு வந்து, "எத்தினை மணிக்குப் போறது?" என்று கேட்டான். "இன்னும் சொல்லேல்லை" என்றாள். அவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ரீவிக்கு முன்னால் போய் இருந்தான். பன்னிரண்டரை மணிக்கு அவள் சேலையை மாற்றி மடித்து அலுமாரியில் வைத்தாள். பிறகு கொப்பியை எடுத்து வந்து, பட்டியலில் இரண்டாவது பெயருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாவதும் எடுக்கவில்லை, நாலாவதும் எடுக்கவில்லை. ஆறாவது பெயருக்கு அடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நேரம் பதினொரு பேரும் ஸ்ட்ரெதத்தில், அக்கா வீட்டில், ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.